துருப்பிடித்த சைலன்சர் போல்ட் ஏன் கழலாது, எப்படிக் கழலும்

போல்ட் கழலவில்லை என்றதும் பட்டறையில் முதலில் எழும் குரல் "பைப்பைச் சொருகி இழு" என்பதுதான். ஸ்பானர் பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் சொருகி இழுத்தால் டிராக்டர் சக்கர நட்டு கழலும். அதே வைத்தியத்தைப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சர் போல்ட்டில் காட்டினால் அது ஒடியும். ஒடிந்த துண்டு சிலிண்டரை மூடும் தலைப்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்குள் தங்கிவிடும். அரை நாளில் முடிய வேண்டிய வேலை எஞ்சினை இறக்கும் வேலையாக மாறும்.

பைப்புக்கு அடுத்தபடியாக வரும் யோசனைகளும் பாதி உண்மைதான். "சூடு காட்டு" என்பார்கள், எதற்குச் சூடு காட்டுவது என்று சொல்லமாட்டார்கள். "எஞ்சினை ஓட்டிவிட்டுச் சூட்டோடு கழற்று" என்பார்கள். "டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதும்" என்பார்கள். இவை ஒவ்வொன்றும் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று தெரிய வேண்டுமானால், துரு அந்த இடத்தில் என்ன செய்து வைத்திருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: 1978 முதல் 1983 வரை வந்த போர்ஷே 911 எஸ்சி. பின்பக்கம் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின். இதன் சைலன்சர் போல்ட்டுகள் கழற்றுபவர்களிடையே கெட்ட பெயர் எடுத்தவை. அதற்குக் காரணம் உண்டு.

ஏன் இந்த கார்

911-இல் புகை வெளியேறும் வாய்கள் சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கம், தரையைப் பார்த்து இருக்கின்றன. ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு ஸ்டட், ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு. ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட். ஒரு முனை ஹெட்டுக்குள் திருகி நிற்கும், வெளியே நீண்டிருக்கும் மறு முனையில் நட்டு ஏறும். இந்தப் பன்னிரண்டும் பின்சக்கரங்கள் வாரி இறைக்கும் தண்ணீருக்கு நேர் எதிரில் இருக்கின்றன. ஜெர்மனியிலும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் ஸ்டட்டில் தெறிக்கும், எஞ்சின் சூட்டில் காயும், மறுநாள் மறுபடி தெறிக்கும். நாற்பது ஆண்டுகள் இப்படி.

இன்னொரு வம்பு: புகைக்குழாயைச் சுற்றித் தகரக் கூடு ஒன்று உண்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பெயர். குழாயின் சூட்டில் காற்றைக் காயவைத்து, குளிர்காலத்தில் காருக்குள் அனுப்பும் ஏற்பாடு அது. அந்தக் கூடு சில நட்டுகளை மறைத்துக்கொண்டு நிற்கும். கூட்டிலுள்ள துளை வழியே நீண்ட 8 மி.மீ. ஆலன் கீயை நுழைத்துத்தான் அவற்றைத் தொட முடியும். கண்ணுக்குத் தெரியாத நட்டு, எட்டாத இடம், மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை. அவசரப்பட்டு இழுத்து ஒடிப்பதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

இறுகிய நட்டு என்பது இழுபட்ட ஸ்பிரிங்

துருவை விடுங்கள், முதலில் புத்தம்புது போல்ட்டைப் பார்ப்போம். போல்ட் மேலும் நட்டு உள்ளும் சுற்றிச் சுற்றி ஓடும் வரிப்பள்ளம்தான் மரை. நட்டைத் திருகத் திருக, மரைச் சரிவில் அது ஏறுகிறது. மலைப்பாதை செங்குத்தாக ஏறாமல் சுற்றிச் சுற்றி ஏறுவது போலத்தான். 911-இன் ஸ்டட் எம்8 அளவு. அதாவது 8 மி.மீ. தடிமன், நட்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1.25 மி.மீ. நகரும்.

நட்டு கீழே முட்டிய பிறகும் திருகினால், ஸ்டட் இழுபட்டு மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட இரும்பு பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் இழுப்புத்தான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. கட்டிலில் நாடா பின்னும்போது இழுத்துக் கட்டுவதும் இதே தத்துவந்தான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. நட்டை இறுக்க நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிப்பரப்பு உரசுவதிலேயே போய்விடும். இன்னொரு நாற்பது சதவீதம் மரைக்குள் உரசுவதில் போகும். ஸ்டட்டை இழுக்க மிஞ்சுவது பத்து சதவீதம்தான். கழற்றும்போதும் நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் உரசலோடுதான். துரு வந்து கூடுதலாக உட்காருவதும் அந்த உரசும் இடத்தில்தான்.

சுருக்கமாக: இறுகிய நட்டைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு. ஸ்டட்டின் இழுப்பு ஒன்று, பரப்புகளின் உரசல் மற்றொன்று. துரு முதலாவதைத் தொடுவதில்லை, இரண்டாவதைப் பல மடங்கு ஆக்குகிறது.

துரு பசை அல்ல, ஆப்பு

நட்டும் போல்ட்டும் துருப்பிடித்து "ஒட்டிக்கொண்டன" என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். ஒட்டுதல் என்பது சரியான சித்திரம் இல்லை. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொண்டு நிலையில் இறுகிவிடுகிறதே, அதுதான் சரியான சித்திரம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே யாரும் பசை தடவவில்லை. கதவு பருத்துவிட்டது, போக இடமில்லை.

இரும்பு துருவானால் அது அடைக்கும் இடம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். நீர் கலந்த துரு இன்னும் அதிகம் அடைக்கும். கடலோர வீடுகளில் கூரைக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்து உள்ளேயிருக்கும் கம்பி பல்லிளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பியின் மேல் வந்த துருப் பொருக்கு கான்கிரீட்டையே பிளக்கும் அளவுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை நட்டின் மரைக்கும் ஸ்டட்டின் மரைக்கும் நடுவிலுள்ள மயிரிழைச் சந்தில் வேலை செய்தால் என்ன ஆகும்? சந்து முழுவதும் ஆயிரக்கணக்கான குட்டி ஆப்புகள் அடித்தது போலாகிவிடும்.

சைலன்சர் பக்கத்தில் இது இன்னும் மோசம். சாதாரண நட்டின் மேல் துரு வராமல் காப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். புகை வாய்ப் பக்கத்துச் சூட்டில் அந்தக் காப்பு நெடுநாள் நிற்பதில்லை. அதனால்தான் இந்த இடத்துக்கென்று செம்புப் பூச்சிட்ட நட்டுகள் வருகின்றன.

இதெல்லாம் நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே நடக்கும் கதை. ஸ்டட்டின் மறுமுனையில் வேறொரு கதை நடக்கிறது. ஹெட் அலுமினியக் கலவை, ஸ்டட் இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி. அந்த மின்னோட்டத்தில் ஒரு உலோகம் கரையும். இதற்குக் கல்வானிக் அரிப்பு என்று பெயர். இங்கே கரைவது அலுமினியம். அது வெள்ளைப் பொடியாக மாறி மரைச் சந்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே ஸ்டட்டில் இரண்டு பூட்டு: வெளியே செந்துரு, உள்ளே வெண்பொடி. இரண்டுக்கும் சாவி வேறு வேறு என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

ஸ்டட் எவ்வளவு தாங்கும்

முறுக்கும் விசையை டார்க் என்பார்கள். கைப்பிடியின் நீளத்தை இழுக்கும் விசையால் பெருக்கினால் கிடைப்பது அது, அளவு நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ராட்செட் ஸ்பானரை 20 கிலோ எடை தூக்கும் அளவுக்கு இழுத்தால் ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர். கொஞ்சம் திடகாத்திரமான ஆள் மூச்சு வாங்காமல் செய்யக்கூடியது.

இப்போது மறுபக்கம். இத்தகைய எம்8 நட்டைப் பூட்டப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் கொடுப்பார்கள். 8.8 என்ற பலத் தரத்துப் புது எம்8 ஒடியாமல் தாங்கும் என்று தர அளவுகோல் உறுதி சொல்வது 33 வரைதான். பூட்டும் அளவுக்கும் ஒடியும் அளவுக்கும் நடுவே இருப்பது இவ்வளவு சின்ன வரப்பு. பைப்பைச் சொருகி 60 செ.மீ. பிடியாக்கினால் அதே 20 கிலோ இழுப்பு 120 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். ஸ்டட் ஒடிந்த சேதி கைக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அது புது ஸ்டட்டின் கணக்கு. துரு தின்ற ஸ்டட்டுக்குக் கணக்கு வேறு. உருண்டைக் கம்பி முறுக்கைத் தாங்கும் திறன் அதன் விட்டத்தின் மும்மடியை (விட்டம் × விட்டம் × விட்டம்) பொறுத்தது. எம்8 மரையின் அடிவிட்டம் சுமார் 6.5 மி.மீ. துரு அரித்து அது 5.5 ஆகியிருந்தால், போனது ஒரு மி.மீ. என்று தோன்றும். போன பலமோ நாற்பது சதவீதம். கண்ணுக்கு இடுப்பு சிறுத்துத் தெரிகிற ஸ்டட்டை முழு ஸ்டட்டாக நம்பி இழுக்கக் கூடாது.

ஆகவே கையில் விசைக்குப் பஞ்சமில்லை. தாங்கும் சக்திக்குத்தான் பஞ்சம். ஆப்புகளை நொறுக்கி, சந்தைக் கொஞ்சம் விரித்து, உரசலைக் குறைக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள்: சூடு, அதிர்வு, எண்ணெய்.

சூடு: மாட்டுவண்டிப் பட்டை சொல்லும் பாடம்

சூடு காட்டினால் இரும்பு விரியும், நட்டின் துளை சிறுத்துப்போகும் அல்லவா என்று பலர் கேட்பார்கள். சிறுக்காது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. மரச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிய இரும்பு வளையத்தை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். வளையத்தின் உள்வட்டம் பெரிதாகும், சக்கரத்தில் மாட்டுவார்கள், தண்ணீர் ஊற்றியதும் கவ்விக்கொள்ளும். வளையம் விரிந்தால் துளையும் சேர்ந்தே விரியும். நட்டும் ஒரு வளையம்தான்.

எவ்வளவு விரியும்? இரும்பு ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். 8 மி.மீ. துளையுள்ள நட்டை 400 டிகிரி ஏற்றினால் துளை 0.04 மி.மீ. பெரிதாகும். அற்பமாகத் தெரிகிறது. மரைச் சந்தே அந்த அளவுதான் என்பதால் இது பெரிய இடம்.

இங்கேதான் "எஞ்சினை ஓட்டிச் சூட்டோடு கழற்று" என்ற யோசனை தடுக்கிவிழுகிறது. எஞ்சின் ஓடும்போது நட்டும் சூடாகும், ஸ்டட்டும் அதே அளவு சூடாகும். இரண்டும் இரும்பு, இரண்டும் ஒரே விகிதத்தில் விரியும், சந்து மாறாது. பட்டையோடு சக்கரத்தையும் சேர்த்துத் தீயில் போட்ட கதை. பயன் தருவது சூடு அல்ல, சூட்டின் வித்தியாசம். நட்டு மட்டும் சூடாக வேண்டும், ஸ்டட் பின்தங்க வேண்டும். அதற்கு வேகம் வேண்டும். சின்னத் தீயில் பத்து நிமிடம் வாட்டினால் சூடு ஸ்டட்டுக்கும் பரவிவிடும், பலன் போய்விடும்.

ஆனால் அதே யோசனை ஸ்டட்டின் மறுமுனையில் பலிக்கும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், டிகிரிக்கு பத்து லட்சத்தில் 23 பங்கு. ஹெட்டும் ஸ்டட்டும் சேர்ந்து 150 டிகிரி ஏறினாலும் ஹெட்டின் துளை 0.028 மி.மீ. விரியும், ஸ்டட் 0.014 மட்டுமே பருக்கும். சந்து கூடுகிறது. நட்டைக் கழற்ற எஞ்சின் சூடு உதவாது, ஸ்டட்டை ஹெட்டிலிருந்து எடுக்க உதவும். இரண்டு சாவி என்று சொன்னது இதைத்தான்.

மூன்றாவது ஒரு வித்தை உண்டு, அது மேலே சொன்னதற்கு நேர் எதிராகத் தோன்றும். ஸ்டட்டையே பழுக்கக் காய்ச்சி ஆறவிடுவது. காயும்போது ஸ்டட் பருக்கும், சுற்றியுள்ள வெண்பொடியை நசுக்கும். ஆறும்போது சுருங்கும், நசுங்கிய பொடி பழைய இடத்துக்குத் திரும்பாது. இங்கே வேலை நடப்பது ஆறும்போதுதான். சூட்டோடு அவசரப்பட்டுத் திருகினால் கெடும்.

எதைக் கொண்டு சூடு காட்டுவது? புரொப்பேன் டார்ச் எம்8 நட்டுக்குச் சற்று மந்தம். கேஸ் வெல்டிங் தீ வேகமானது, ஆனால் கை பழகியிருக்க வேண்டும். எங்கள் தேர்வு மின்தூண்டல் சூடேற்றி. நட்டைச் சுற்றி ஒரு செம்புச் சுருளை மாட்டி ஸ்விட்சை அழுத்தினால், நட்டு மட்டும் அரை நிமிடத்துக்குள் சிவக்கும். தீ நாக்கு கிடையாது, பக்கத்து ரப்பர் குழாய் பொசுங்காது. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

எச்சரிக்கைகள் மூன்று. அலுமினியம் உருகுவதற்கு முன் சிவந்து காட்டாது. இரும்பு மங்கலாகச் சிவக்கும் 600 டிகிரியை ஒட்டி ஹெட்டின் கலவை உருகும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே தீயை நட்டின் மேல் மட்டும் காட்டுங்கள், ஹெட்டின் பக்கம் திருப்பாதீர்கள். இரண்டாவது, குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயோ வெல்டிங்கோ கூடவே கூடாது. சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாகும். மூன்றாவது, 911-இன் அடிவயிற்றில் எண்ணெய்க் கசிவு இல்லாத எஞ்சின் அபூர்வம். துடைத்துவிட்டு, தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். 1970-களின் பல 911-களில் கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் உடற்கூடு, மெக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. எஸ்சி-யில் அது அலுமினியம், அந்தக் கவலை இல்லை.

எண்ணெயும் அதிர்வும்

துரு எண்ணெய் எப்படி உள்ளே போகிறது? விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே வழி. நுண்ணிய சந்துக்குள் திரவம் தானாக ஏறுவதைத் தந்துகிக் கவர்ச்சி என்பார்கள். 911-இல் நட்டு கீழ்நோக்கி இருப்பதால் அடித்த எண்ணெயில் பாதி உங்கள் முகத்தில்தான் சொட்டும். மீதி மேலே ஏறும். அதற்கு நேரம் வேண்டும்.

டபிள்யூடி-40 என்ற பெயரே ஈரத்தை விரட்டும் நாற்பதாவது முயற்சி என்பதன் சுருக்கம். 1953-இல் அது பிறந்தது துருவைத் தடுக்க, துருவைத் துளைக்க அல்ல. லேசான துருவுக்கு அது போதும். நாற்பது வருடத் துருவுக்கு, இதற்கென்றே வரும் துளைக்கும் எண்ணெய் வேண்டும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து வீட்டிலேயே தயாரிப்பவர்களும் உண்டு. இரண்டும் சேராது, பிரிந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். தீப்பற்றும் சரக்கு என்பதால் சூடு காட்டும் நாளில் அதைத் தொடவே கூடாது.

எந்த எண்ணெயானாலும் துருப் பொருக்குக்கு மேல் அடித்தால் வெளியிலேயே நின்றுவிடும். கம்பி பிரஷ்ஷால் வெளித்தெரியும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே அடிக்க வேண்டும். மூன்று நாள், நாளுக்கு இரண்டு முறை என்பது நல்ல அளவு.

ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காவிட்டால் விளிம்பில் நாலு தட்டு தட்டுகிறோம் அல்லவா? அதிர்வு செய்யும் வேலை அது. துருப் பொருக்கு அப்பளம் போல: நசுக்கினால் தாங்கும், தட்டினால் நொறுங்கும். நட்டின் பட்டைப் பக்கங்களில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொடுத்தால் விரிசல் விழும், விரிசல் வழியே எண்ணெய் நுழையும். ஸ்டட்டின் நுனியில் நேராகத் தட்டுவதானால் பழைய நட்டு ஒன்றை நுனிவரை ஏற்றிவிட்டுத் தட்டவும். இல்லாவிட்டால் மரை மழுங்கி, நட்டு வெளியே வரும் வழி அடைபடும்.

இதுவரை: நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே உள்ள பூட்டைத் திறக்க நட்டை மட்டும் வேகமாகச் சூடாக்க வேண்டும். ஸ்டட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ளதற்கு எல்லாம் சேர்ந்து சூடானாலும் போதும். எண்ணெய்க்கு நேரமும், அதற்கு வழி திறக்கத் தட்டும் வேண்டும்.

கழற்றும் முறை

எண்ணெய் ஊறிய மூன்றாம் நாள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துரு கண்ணில்தான் விழும்.

ஸ்டட் நுனியிலிருந்து நட்டுவரை சாக்பீஸாலோ பெயின்ட்டாலோ ஒரு கோடு இழுங்கள். யாரும் செய்யாத, ஆனால் தவறாமல் செய்ய வேண்டிய காரியம் இது. நட்டு நகர்ந்து கோடு உடைந்தால் நட்டு கழல்கிறது. கோடு உடையாமல் இரண்டும் சேர்ந்து சுற்றினால், ஸ்டட் ஹெட்டிலிருந்து வெளியே வருகிறது, அல்லது முறுகிக்கொண்டிருக்கிறது. ஸ்டட் முழுதாக வெளியே வருவது நல்ல சகுனம். எப்படியும் புது ஸ்டட் போடத்தான் போகிறோம்.

ஆறு முனை சாக்கெட் மட்டுமே. பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை மட்டும் பிடிக்கும், துருவேறிய மூலைகளை மழுக்கிவிடும். நட்டு 13 மி.மீ. ஆக இருக்கலாம், செம்பு நட்டு 12 ஆக இருக்கலாம். துரு தின்று 13 தளர்வாக ஆடினால் அரை அங்குல சாக்கெட்டைத் தட்டி ஏற்றலாம். அது 12.7 மி.மீ., கச்சிதமாகக் கவ்வும்.

முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு கொடுங்கள். எந்தப் பக்கமானாலும் முதல் அசைவில்தான் ஆப்புகள் நொறுங்கும். அதன் பிறகு கழற்றும் பக்கம். அசையவில்லையா, விசையைக் கூட்டாதீர்கள். நட்டைச் சூடாக்குங்கள். மங்கலாகச் சிவந்ததும் உடனே சாக்கெட்டை மாட்டி இழுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் சற்று ஆறவிட்டு, சிவப்பு மறைந்த பின் மெழுகுவர்த்தியை மரை வாயில் தொடுங்கள். உருகிய மெழுகு தண்ணீரைப் போல உள்ளே ஓடும். ஆறட்டும், மறுபடி சூடு. நான்கைந்து சுற்றில் வராத நட்டு குறைவு.

கை சொல்வதைக் கேட்க வேண்டும். "டக்" என்று விட்டு, பிறகு கிரீச்சிட்டுக்கொண்டே சுற்றினால் கழல்கிறது. இழுக்க இழுக்க ரப்பர்போல் வளைந்து கொடுத்து, விட்டால் திரும்பி வந்தால், ஸ்டட் முறுகுகிறது. கடினமாக இருந்தது திடீரென்று வெண்ணெய்போல் இளகினால், ஸ்டட் இழுபட்டு மெலிந்துகொண்டிருக்கிறது. இன்னும் கால் சுற்றில் ஒடியும். இளகியதும் சந்தோஷப்படாமல் நிறுத்த வேண்டும்.

நட்டு நகர ஆரம்பித்த பிறகும் ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. துருத்தூள் மரைக்குள் உருண்டு மறுபடி இறுகும். அரைச் சுற்று கழற்று, கால் சுற்று திரும்பு, எண்ணெய் விடு, மறுபடி. பூட்டைத் திறக்க சாவியை ஆட்டி ஆட்டித் திருப்புவது போல. நட்டைத் தட்டித் தட்டிச் சுழற்றும் சிறிய இம்பாக்ட் துப்பாக்கியைக் குறைந்த வேகத்தில் இரு பக்கமும் மாற்றி மாற்றி ஓட்டினாலும் இதே பலன்.

எதற்கும் மசியாத நட்டை அறுத்துவிடுங்கள். சிறிய கிரைண்டரால் நட்டின் ஒரு பட்டையில், ஸ்டட்டின் போக்கில், மரை தெரியும் ஆழத்துக்கு ஒரு கோடு. அதில் உளியை வைத்து ஒரு தட்டு. நட்டு பிளந்து விரியும். நட்டு போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம். ஹெட் போனால் அப்படி முடியாது. எங்களைக் கேட்டால், இடுப்பு சிறுத்த ஸ்டட் கண்ணில் பட்டாலே கழற்றும் ஆசையை விட்டு நேரே அறுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஒடிந்துவிட்டால்

ஒடிந்த ஸ்டட் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நிலைமை கைமீறவில்லை. அதன் மேல் ஒரு வாஷரை வைத்து, வாஷர் மேல் புது நட்டை வைத்து, நட்டின் துளை வழியே மிக் வெல்டிங்கால் நிரப்பி ஸ்டட்டோடு சேர்க்க வேண்டும். பேட்டரி இணைப்பை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். வெல்டிங் இங்கே இரண்டு வேலை செய்கிறது: ஸ்பானர் பிடிக்க ஒரு தலை கிடைக்கிறது, ஸ்டட்டும் பழுக்கக் காய்கிறது. ஆறும்போது சுருங்கும் என்று பார்த்தோமே, அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். கை வைக்கலாம் என்னும் அளவுக்கு ஆறிய பின் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கலாம். முதல் வெல்டு பிய்ந்துகொண்டு வந்தால் மனம் தளர வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வெல்டில் வருவது சகஜம்.

ஹெட்டின் மட்டத்துக்கே ஒடிந்திருந்தால் துளையிட வேண்டும். இந்தக் கட்டத்தில் கடைக்காரர் ஈஸி-அவுட் என்ற கருவியை நீட்டுவார். துளையில் இடப்பக்கமாகத் திருகினால் துண்டைக் கவ்விக்கொண்டு வெளியே இழுக்கும் கூம்பு அது. முழு ஸ்டட்டே திருப்ப முடியாமல் ஒடிந்த இடத்தில், அதன் வயிற்றுக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியான கருவி என்ன செய்துவிடும்? ஒடியும். அது மிகக் கடினமான எஃகு, சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கும். பிறகு மின்பொறியால் அரித்து எடுக்கும் பட்டறையைத்தான் தேட வேண்டும். வேண்டாம் அது.

துளையிடுவதில் உள்ள ஒரே பெரிய ஆபத்து, பிட் இரும்பை விட்டு விலகி மென்மையான அலுமினியத்துக்குள் சரிவது. ஒடிந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, சரியான நடுவில் சென்டர் பஞ்ச் அடியுங்கள். வழிகாட்டி இல்லாமல் கையால் துளைக்காதீர்கள். ஹெட்டில் பொருந்தும் பழைய ஃபிளாஞ்சின் (புகைக்குழாயின் முனைத் தட்டு) துளையில், உள்ளே 3 மி.மீ. துளையுள்ள எஃகு புஷ் (சிறு குழல்) ஒன்றை லேத்தில் கடைந்து பொருத்தினால் பிட் நடுவை விட்டு நகர முடியாது. 3 மி.மீ. முதலில், பிறகு 5, பிறகு 6.5. இடப்பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். பாதி வழியில் சூட்டாலும் அதிர்வாலும் துண்டு தானே சுழன்று வெளியே வந்துவிடுவது உண்டு. பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்வதும் அவசியம்.

6.5 வரை நடுவில் போய்விட்டால் மிஞ்சுவது மரையில் சுருண்டிருக்கும் மெல்லிய கம்பிதான். கூரிய கொக்கியால் நிமிண்டினால் சுருள் சுருளாக வரும். பிறகு மரை வெட்டும் கருவியான எம்8-1.25 டேப்பை ஓட்டி மரையைச் சுத்தம் செய்யலாம். நடு தவறி ஹெட்டின் மரை போய்விட்டதென்றால் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் போடலாம். எஃகுக் கம்பியைச் சுருளாக்கிச் செய்த மாற்று மரை அது. ஒழுங்காகப் போட்டால் பழைய அலுமினிய மரையைவிட அது உறுதி.

திரும்பப் பூட்டும்போது

பன்னிரண்டு ஸ்டட்டில் மூன்று ஒடிந்து ஒன்பது நன்றாக வந்திருந்தாலும், பன்னிரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. அந்த ஒன்பதும் இப்போதுதான் இழுபட்டு, சிவந்து, அடி வாங்கியவை. நட்டு செம்புப் பூச்சுள்ளது. நடுவில் வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட் புதிது. துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் சேர்த்துப் போடுவோர் உண்டு. துரு வராது, ஆனால் அந்த இரண்டும் உரசும்போது பரப்பு பிய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளவை. அப்போது சூடும் உதவாது, எண்ணெயும் உதவாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டட் போடுவதானால் நட்டு வேறு உலோகமாக இருக்கட்டும்.

மரையில் நிக்கல் கலந்த, மரை இறுகாமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவுங்கள். எண்ணெய் இந்தச் சூட்டில் எரிந்துபோகும், இந்தப் பசையிலுள்ள உலோகத்தூள் நிற்கும். அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார், பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருப்பீர்கள். பசை தடவியதும் உரசல் குறைகிறது. முறுக்கில் தொண்ணூறு சதவீதம் உரசலில் போகிறது என்ற கணக்கு நினைவிருக்கும். உரசல் குறைந்தால் அதே டார்க்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும். உலர்ந்த மரைக்குக் கையேடு சொல்லும் அளவிலிருந்து இருபது சதவீதமாவது குறைத்துப் பூட்ட வேண்டும்.

ஒரு சிலிண்டரின் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று தடவையாக ஏற்றுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் ஃபிளாஞ்ச் சாய்ந்து உட்காரும். எஞ்சினை ஒருமுறை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, டார்க்கை மறுபடி பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கியதில் சில நட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். மறுநாள் காலைக் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் அடியிலிருந்து "டிக் டிக்" என்று சத்தம் வந்து, சூடானதும் மறைந்தால், எங்கோ ஒரு வாயில் புகை கசிகிறது. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால் அந்த ஃபிளாஞ்சின் ஓரத்தில் கரிக்கோடு ஒன்று தெரியும்.